பேனா டிஸ்பிளேயா, டச் பேனலா: திரையைத் தொடப்போவது யார் கை?

ஓவிய ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் ஒன்றேகால் லட்சம் ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். அதில் சுவரில் மாட்டி விரலால் தொட்டு எழுதும் 65 இன்ச் டச் பேனல் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் ஹெட்மாஸ்டர். மேஜையில் வைத்துத் திரைமேலேயே பேனாவால் வரையும் பேனா டிஸ்பிளே வாங்கினால் வரைந்து காட்ட வசதியாக இருக்குமே என்று எனக்கு ஆசை. ஒரு புரொஜெக்டர் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் நான் சிறுவர் இதழ்களுக்குப் படமும் போடுகிறேன். இரண்டுமே திரைமேல் எழுதுவதுதானே, எது நல்லது?"

சார், எது நல்லது என்று கடையில் கேட்டால் கடைக்காரர் தன் கையிருப்பில் இருப்பதைச் சொல்வார். உங்கள் கேள்விக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் படம் போடுகிற ஓவியர், இன்னொருவர் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிற வாத்தியார். ஓவியரின் திரையை அவர் கை மட்டும்தான் தொடும். வகுப்புத் திரையைத் தொடப்போவது உங்கள் கையா, பிள்ளைகளின் கையா? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பதினாலு வருடமாகச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். ஏழு வருடம் ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் ஓவிய வகுப்பும் எடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பேனல் ரிப்பேருக்கு வந்தவர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதும் இதில் கலந்திருக்கிறது.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயம். வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் இரண்டும் உள்ளே வேறு வேறு சாமான். பேனா டிஸ்பிளேயில் நம் எழுத்தை உணர்வது மேலே இருக்கும் கண்ணாடி இல்லை, எல்சிடிக்குப் பின்னால் படுத்திருக்கும் ஒரு போர்டு. அதில் கம்பிச் சுருள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை விடும் மின்காந்த அலைக்குப் பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் சேர்ந்து அதிர்ந்து பதில் கொடுக்கிறது. பதில் வரும் இடத்தை வைத்து முனை எங்கே என்று தெரியும். முனையை அழுத்தும்போது அந்தப் பதில் மாறுவதை வைத்து எவ்வளவு அழுத்தம் என்று தெரியும். பேனாவுக்குப் பேட்டரியும் வேண்டாம். 1983-இல் ஜப்பானில் தொடங்கிய வாகாம் கம்பெனி இந்த முறையில் பேர் வாங்கியது. 2001-இல் அவர்கள் கொண்டுவந்த சின்டிக் என்ற பேனா டிஸ்பிளேதான் ஓவியர்களிடம் 'திரையிலேயே வரையலாம்' என்ற பழக்கத்தைப் பரப்பியது. பின்னால் சீனாவிலிருந்து ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற கம்பெனிகள் வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடாமல் நின்றோம். அட்டைப்பெட்டியில் 8192 படி அழுத்தம், 16384 படி என்றெல்லாம் போட்டிருக்கும். அந்த எண்ணில் மயங்காதீர்கள். எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழ ஆரம்பிக்கிறது என்பதுதான் வரைகிறவனுக்கு முக்கியம். அது பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது, கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிகளுக்கு வரும் பெரிய டச் பேனல்களில் அதிகம் இருப்பது இன்ஃப்ராரெட் வகை. சட்டத்தின் நாலு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் விளக்குகளும் அதைப் பிடிக்கும் கண்களும் வரிசையாக இருக்கும். கண்ணாடிக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்னால் ஒளியாலேயே ஒரு வலை கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வலையை எது மறித்தாலும் பேனலுக்கு அது தொடுகைதான். விரல், மரக்குச்சி, டஸ்டர் எதுவானாலும் சரி. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் எழுதிக்கொண்டிருக்கும்போது புடவை முந்தானை திரையில் உரசி, பாதி வாக்கியத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு போய்விட்டது. இன்னொரு நாள் பேனல் தானாகவே பக்கம் புரட்டிக்கொண்டிருந்தது. பேய் என்று பிள்ளைகள் கத்த, போய்ப் பார்த்தால் சட்டத்தின் மூலையில் ஒரு குட்டிப் பல்லி. சாக்பீஸ் தூசி அந்த ஓரத்தில் படிந்தாலும், ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் இதே கூத்துதான். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் சட்டத்தின் உள்ஓரத்தைத் துடைத்தால் பாதிப் புகார் வராது.

அந்த ஒளிவலை கண்ணாடிக்குச் சற்று முன்னால் நிற்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு, தமிழ் எழுதுகிறவர்களுக்கு அது கூடுதலாகவே படும். பேனா கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே கோடு தொடங்கிவிடும், எடுத்த பிறகும் ஒரு நூல் இழுத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தாக எழுதுகிறவருக்கு இது உறைக்காது. நாமோ மெய்யெழுத்துக்கு மெய்யெழுத்து கையைத் தூக்கி ஒரு புள்ளி வைக்கிறோம். வேகமாக எழுதும்போது புள்ளி குட்டிக் கோடாகிறது, சில சமயம் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. ண-வின் சுழிகள் சின்னதாக எழுதினால் அடைத்துப்போகும். கரும்பலகையில் எழுதுவதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக, கொஞ்சம் நிதானமாக எழுதினால் சரியாகிவிடுகிறது. வகுப்பில் எழுதுவதற்கு அது போதும். வரைவதற்குப் போதாது.

அழுத்தமும் அப்படித்தான். இந்தப் பேனல்களோடு வரும் பேனா பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத குச்சி. ஒரு பக்கம் மெல்லிய முனை, மறுபக்கம் தடித்த முனை. எந்த அகலத்தில் ஒளி மறைகிறது என்று பார்த்து இது பேனா, இது மார்க்கர், இது உள்ளங்கை, அதனால் அழிப்பான் என்று பேனல் ஊகிக்கிறது. தூரிகையை அழுத்தித் தடித்து, மெல்ல எடுத்துக் கூராக முடிக்கிறோமே, அந்தக் கோட்டுக்கு இதில் வழி கிடையாது. வேகத்தை வைத்துக் கோட்டைத் தடிக்கவும் மெலிக்கவும் செய்து தூரிகை மாதிரி பாவனை காட்டும் மென்பொருள்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. தன் கை அறிந்த ஓவியருக்கு எரிச்சல். தவிர, வரையும்போது நாம் கையைத் தாளில் ஊன்றிக்கொள்வோம். இதில் ஊன்றினால் அதுவும் ஒரு தொடுகை. தோளிலிருந்து கையை அந்தரத்தில் தூக்கி நின்றபடி அரை மணி நேரம் நிழல் கோடு போட்டுப் பாருங்கள், மறுநாள் காலையில் தெரியும்.

நுணுக்கத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 65 இன்ச் பேனல் 4கே என்றால் அகலவாக்கில் 3840 புள்ளி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பில் பரப்பினால் ஒரு இன்ச்சுக்கு 68 புள்ளிதான் வரும். 86 இன்ச்சில் 51. சாதாரண ஃபுல் எச்டி உள்ள 15.6 இன்ச் பேனா டிஸ்பிளேயில் இன்ச்சுக்கு 141. பேனலின் முன்னால் கை எட்டும் தூரத்தில் நிற்கும் உங்களுக்கு அந்தப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்குத் தெரியாது. பார்க்கிறவருக்காகச் செய்த சாமான் அது, வரைகிறவருக்காகச் செய்ததில்லை.

சரி, பேனல் எங்கே ஜெயிக்கிறது? பிள்ளைகள் எழுந்து வந்து தொடும் இடத்தில். மூன்றாம் வகுப்பில் ஒருமுறை ஏழு புள்ளிக் கோலம் ஒன்றைப் பேனலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு, நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு நாலு மூலையிலிருந்து சிக்கு போடச் சொன்னேன். இருபது விரல் வரை ஒரே நேரத்தில் உணரும் பேனல் அது. நடுவில் கோடுகள் சந்திக்காமல் போனபோது யார் தப்பு என்று வகுப்பே எழுந்து நின்று வழக்காடியது. பேனா டிஸ்பிளேயில் இதைச் செய்யவே முடியாது. ஒரு சமயத்தில் ஒரு பேனாதான். அந்தப் பேனா தொலைந்தால் கதை முடிந்தது. ஒரு கம்பெனியின் பேனா இன்னொரு கம்பெனியின் திரையில் பொதுவாக வேலை செய்யாது, ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். பேனலின் குச்சி தொலைந்தால் விரல் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

பேனல் வாங்குவதானால் அளவை வகுப்பறையை வைத்து முடிவு செய்யுங்கள். திரை போடுகிறவர்கள் வெகுநாளாகப் பின்பற்றும் ஒரு கணக்கு, சாதாரணமாக எழுத்தைப் படிக்க வேண்டுமானால் கடைசி ஆள் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது. 65 இன்ச்சின் உயரம் 81 சென்டிமீட்டர், ஆறு மடங்கு என்றால் 16 அடி. 75 இன்ச்சுக்கு 18 அடி, 86-க்கு 21 அடி. இருபதுக்கு இருபது அடி அறையில் கடைசி பெஞ்ச் ஏறக்குறைய 18 அடியில் இருக்கும். ஆக 65 இன்ச் பேனலில் கடைசி வரிசை கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்கும். உங்களிடம் இருக்கும் புரொஜெக்டர் சுவரில் நூறு இன்ச்சை எளிதாகத் தரும். வெளிச்சத்தில் வெளிறிப்போகும், அது உண்மைதான். திரைச்சீலை போட முடியுமா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். பேனா டிஸ்பிளேயை மேஜையில் வைத்து, அதையே புரொஜெக்டரில் காட்டிப் பாடம் எடுப்பதில் பெரிய லாபம், நீங்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. பேனலில் வரையும்போது உங்கள் முதுகுதான் பாடம் எடுக்கும். படத்தின் பாதியையும் மறைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் மாட்டும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பழைய புரொஜெக்டர்கள் பல 1024-க்கு 768, இல்லையென்றால் 1280-க்கு 800. உங்கள் டிஸ்பிளே 1920-க்கு 1080. இரண்டு திரையிலும் ஒரே படம் வர 'டூப்ளிகேட்' என்று போட்டால் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் பொதுவாக ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளும், டிஸ்பிளேயில் படம் இழுபட்டுவிடும். நீங்கள் வட்டம் போட்டால் முட்டை விழும். முதல் நாள் இது தெரியாமல் என் கையில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு பீரியட் முழுக்கத் தவித்தேன். புரொஜெக்டர் 1080-ஐ வாங்கிக்கொண்டு தானே சுருக்கிக்காட்டும் வகையா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலானவை செய்யும். பேனாவை இங்கே வைத்தால் அம்புக்குறி அங்கே ஓடுகிறது என்றால் பயப்பட வேண்டாம், டிஸ்பிளேயோடு வரும் டிரைவர் மென்பொருளில் எந்தத் திரைக்குப் பேனா என்று மாற்றிக் கொடுத்தால் போதும். லேப்டாப்பில் யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதில் படம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். பல மாடல்களில் அது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான்.

பேனா டிஸ்பிளே பாடத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கோடு தெரியும், கை தெரியாது. ஓவிய வகுப்பில் பிள்ளை பார்க்க வேண்டியது பென்சிலை எப்படிச் சாய்க்கிறோம், மணிக்கட்டு திரும்புகிறதா முழங்கை திரும்புகிறதா என்பதை. மாயமாகத் திரையில் வளர்ந்துகொண்டே போகும் யானையைப் பார்த்துவிட்டு "சூப்பர் சார்" என்று சொல்வார்கள், வரைய வராது. அதனால் பென்சில், வாட்டர்கலர் பாடங்களுக்கு நான் போனை ஒரு ஸ்டாண்டில் கேமரா கீழே பார்க்கும்படி மாட்டி, கீழே உண்மையான தாளில் வரைந்து, அதைத்தான் புரொஜெக்டரில் காட்டினேன். செலவு ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும்தான். கலவை விதிகள், வண்ணச் சக்கரம், ஒரு படத்தையே பத்து விதமாக மாற்றிக் காட்டுவது, லேயர் என்றால் என்ன என்பது, இதற்கெல்லாம் மட்டும் டிஜிட்டல்.

இனி எனக்கு உறுதி இல்லாத பக்கம். இன்ஃப்ராரெட் இல்லாமல் போன் திரை மாதிரி கெபாசிட்டிவ் முறையில் வரும் பெரிய பேனல்கள் இருக்கின்றன, அழுத்தம் உணரும் பேனாவோடும் வருகின்றன. ஒரு கண்காட்சியில் அரை மணி நேரம் வரைந்து பார்த்தேன். நான் மேலே சொன்ன குறைகளில் பாதி அதில் இல்லை. அரை மணி நேரத்தை வைத்து ஐந்து வருட வகுப்பறை உழைப்புக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன், விலையும் உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. பேனல் வந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா என்பதும் விற்பனையாளர் சொல்லும் அளவுக்கு உறுதியானதில்லை. லண்டன் உயர்நிலைப் பள்ளிகளில் பெரிய அளவில் ஸ்மார்ட் போர்டு போட்டபோது, பிரிட்டிஷ் அரசுக்காக நடந்த மதிப்பீடு ஒன்று 2007-இல் வெளிவந்தது. மதிப்பெண் உயர்ந்ததற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. போர்டு உதவாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆள் பழைய மாதிரியே பாடம் எடுத்தால் போர்டு தனியாக ஒன்றும் செய்துவிடாது என்பதே என் வாசிப்பு.

மென்பொருளில் ஒரு எச்சரிக்கை. பேனலுக்குள்ளேயே இருக்கும் ஆண்ட்ராய்டை நம்பிப் பாடங்களைச் சேமிக்காதீர்கள். அது பழசாகும், பெரும்பாலும் அப்டேட் வராது. கூகுளே ஜேம்போர்டு என்று 55 இன்ச் திரை விற்று, அதற்கான செயலியை 2024 டிசம்பர் 31-உடன் மூடிவிட்டது. கூகுளுக்கே அந்த கதி. லேப்டாப்பைச் செருகி, அதில் ஓப்பன்போர்டு மாதிரி இலவச மென்பொருளில் எழுதி, பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். வரைவதற்குக் கிரிட்டா இலவசம், எனக்குத் தொழிலுக்கே அது போதுமாக இருக்கிறது. லேப்டாப்பைச் செருகும்போது எச்டிஎம்ஐ மட்டும் போட்டுவிட்டு "டச் வேலை செய்யவில்லை" என்று கம்ப்ளெயின்ட் கொடுப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. படத்துக்கு எச்டிஎம்ஐ, தொடுகைக்குத் தனியாக ஒரு யுஎஸ்பி கேபிள். இரண்டும் போக வேண்டும்.

ஐபேடைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். நல்ல சாமான், கரண்ட் போனாலும் ஓடும். ஒன்று மட்டும்: ஆப்பிள் பென்சிலில் 2023-இல் வந்த யுஎஸ்பி-சி மாடலுக்கு அழுத்தம் தெரியாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு வரையவில்லையே என்று திட்டாதீர்கள்.

சரி, ஒன்றேகால் லட்சம். இங்கே நான் ஹெட்மாஸ்டர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது பள்ளிக்கு வந்த பணம். கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் பேனலை நாளுக்கு ஐந்து பீரியட் பயன்படுத்துவார்கள். ஓவிய வகுப்பு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. உங்கள் மேஜையில் பூட்டி வைக்கும் டிஸ்பிளேயைப் பார்த்து மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பேனலையே வாங்கட்டும். கூடவே உங்களுக்காக, திரை இல்லாத பேனா டேப்லெட் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு வாங்குங்கள். பேனலில் செருகிய அதே லேப்டாப்பில் அதன் யுஎஸ்பியைச் செருகினால், முன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முழு அழுத்தத்தோடு வரையலாம், கோடு பேனலில் விழும். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பது முதல் பத்துப் பதினைந்து நாள் பைத்தியம் பிடிக்க வைக்கும், அப்புறம் பழகிவிடும். நான் முதல் ஆறு வருடம் புத்தகம் புத்தகமாக வரைந்தது அப்படித்தான். முந்தானையும் பல்லியும் உங்களை ஒன்றும் செய்யாது. பள்ளி நிர்வாகம் பேனல் வேண்டாம் என்று மனம் மாறி, ஓவியத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால், 15 அல்லது 16 இன்ச் பேனா டிஸ்பிளே ஒன்று, போன் ஸ்டாண்டு ஒன்று, புரொஜெக்டருக்கு ஜன்னல் திரைச்சீலை, பணம் மிஞ்சும். வீட்டு வேலைக்கான டிஸ்பிளேயை உங்கள் காசில் வாங்குங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். ஆடிட் வரும்போது நிம்மதி.

எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் டெமோவில் விற்பனையாளர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரிதாக ஒரு பூ வரைந்து காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் "எண்ணெய்க் கிண்ணம்" என்று உள்ளங்கை அகலத்துக்குள், வழக்கமான வேகத்தில் எழுதுங்கள். ஐந்து புள்ளிகளும் புள்ளியாக விழுகின்றனவா, ண-வின் சுழிகள் திறந்திருக்கின்றனவா பாருங்கள். பிறகு ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு புழு மாதிரி நெளிந்தால் அந்த மாடல் வேண்டாம். கடைசியாக, அறையின் விளக்கை எல்லாம் போடச் சொல்லி, ஜன்னலைத் திறந்து, பின்னால் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து நீங்கள் எழுதியதை நீங்களே படியுங்கள்.